நீல மருந்து

என் வக்கீலம்மாவுக்கு,

இங்கே நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கடையைத் திறக்கிறேன், மூடுகிறேன். இதை நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. உன் வயிறு இன்று எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டிய நலம். அக்காவையும் சகலையையும் நான் விசாரித்ததாகச் சொல்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எழுத என்ன கேடு என்று நீ நினைப்பாய். நேற்று மட்டும் மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை நீ தூங்குவதாக அக்கா சொன்னாள். இரண்டாம் தடவை சகலை எடுத்து, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு, நாட்டு நடப்பெல்லாம் பேசினார். மூன்றாம் தடவை நீயே எடுத்தாய். எடுத்ததும் "சாப்டீங்களா?" என்று கேட்டாய். அவ்வளவுதான், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்றைச் சொன்னேன். வயிற்றில் விடுகிற பழைய டியூப்பைத் தயாரித்த கம்பெனிக்காரன் சரியில்லையாம், அதை இனிப் போடாதே, ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் புதுசு வாங்கிக்கொள் என்று. சகலை அந்த நிமிஷமே ஓடிப்போய் வாங்கி வந்ததாக அக்கா பிறகு போன் செய்து சொன்னாள். அவர் மனுஷன்.

கம்பெனிக்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை. அது நேற்றைய பொய். அதற்கு முந்தைய பொய்கள் இன்னும் இருக்கின்றன. போனில் என் நாக்கு கூசாமல் பொய் சொல்லுகிறது. பேனா பிடித்தால் எனக்கு அவ்வளவு வேகம் வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்று செவ்வாய்க்கிழமை, கடைக்கு வார விடுமுறை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நிமிர்ந்தால் எதிரே கண்ணாடியில் என் மூஞ்சி தெரிந்தது. சகிக்கவில்லை. நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்க்க வைத்துக்கொண்டேன்.

வீட்டுச் செய்தி: சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்தியாயிற்று. உன் பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் வழியில் பார்த்து விசாரித்தார். உன் பாலர் வகுப்புப் பிள்ளைகள் புது டீச்சர் மடியில் உட்கார மாட்டேன் என்கிறார்களாம். "இந்த டீச்சருக்கு எலும்பு குத்துது" என்று ஒரு வாண்டு மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டதாம். பக்கத்துக் கடைத் தையல்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரி ஊரில் இல்லை என்பதை உன் காலரே ஊருக்குச் சொல்லுதய்யா என்றார்.

சுற்றி வளைக்கிறேன். காதை வெட்டிவிட்ட நாவிதன் முதலில் மழையைப் பற்றித்தான் பேசுவான். சரி, சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு ஆபரேஷன் செய்து, உள்ளே இருக்கும் பையை எடுத்துவிட்டு, வெளியே ஒட்டும் பை வைக்கப்போகிறார்கள். அதற்காகத்தான் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில், அக்கா வீட்டில் உன்னை விட்டுவந்தேன். பை பழசாகிவிட்டது, அதன் வாயை மூடி வைக்கிற வால்வு தளர்ந்துவிட்டது என்று நீயும் மனசைத் தேற்றிக்கொண்டாய். பை பழசானதால் உனக்கு வலி வரவில்லை. என்னால் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பூங்கா பெஞ்சில் நீ என்னை உட்காரவைத்துச் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "எனக்குப் பெருங்குடல் கெடையாது, நோய் வந்து எடுத்துட்டாங்க. சிறுகுடல்லயே உள்ளுக்குள்ள ஒரு பை தச்சு வச்சிருக்காங்க. வயித்துல சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை. ஒரு நாளைக்கு நாலு தடவை அதுல டியூப் விட்டுக் காலி பண்ணணும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஆனா நான் பாத்ரூம் கதவச் சாத்துனா நீங்க தட்டக் கூடாது. சம்மதமா?" என்றாய். தலையைத் தட்டுவதுதான் என் தொழில், கதவைத் தட்ட மாட்டேன் என்றேன். நீ சிரித்தாய். பத்தொன்பது வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். வேறு எதைக் காப்பாற்றினேனோ இல்லையோ, அதைக் காப்பாற்றினேன்.

பிறகு நீ பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்தாய், வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு இடது கையால் டியூப்பைப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாய். கழுவத்தான் முடியவில்லை. ஒரு நாள் காலை கதவு ஒரு சாண் திறந்தது, டியூப்பைப் பிடித்தபடி உன் கை வெளியே நீண்டது. "இதக் கொஞ்சம் கழுவித் தர்றீங்களா? சோப்பும் தண்ணியும் போதும். உள்ள நல்லா தண்ணி ஓட விட்டு, துண்டு மேல காயப் போடுங்க. வேற எதுவும் வேணாம்" என்றாய். நான் சரி என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த பூரிப்பை உனக்கு எப்படிச் சொல்வது! பத்தொன்பது வருஷமாக நீ ஒருத்தியாகவே தூக்கிக்கொண்டிருந்ததில் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

சோப்பும் தண்ணீரும் போதும் என்றால் போதும் என்று விட்டிருக்க வேண்டும். என் தொழில் புத்தி விடவில்லை. கடை திறந்த முதல் வருஷம் என் சீப்பால் ஒரு வாடிக்கையாளர் தலையில் புண் வந்து, மனுஷன் கடை வாசலில் நின்று கத்தியது உனக்கும் தெரியும். அன்றிலிருந்து கிருமி கொல்லும் நீல மருந்தில் ஊறாத சீப்பு யார் தலையையும் தொட்டதில்லை. ஊரான் தலைக்கே இவ்வளவு பார்க்கிறவன், பெண்டாட்டி வயிற்றுக்குள் போகிற டியூப்பை வெறும் சோப்பில் அலசிக் கொடுப்பதா என்று நினைத்தேன். கடையிலிருந்து அந்த நீல மருந்தை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து, சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். நீ மாற்றி மாற்றிப் போடும் இரண்டு டியூப்பையும் தினமும் அதில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். பிறகு மருந்து வாடை போகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாய்.

மூன்றாவது வாரம் உனக்கு வலி ஆரம்பித்தது. முதலில் எரிச்சல் என்றாய், அப்புறம் குத்துகிறது என்றாய். ஜெல்லை இரண்டு பங்கு தடவிப் பார்த்தாய். நின்றபடி போடுகிறவள் படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து விட்டு, வால்வு இளகட்டும் என்று லேசாக இருமி இருமிப் போட்டாய். நான் கதவுக்கு வெளியே அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வலிக்குப் பயந்து நேரத்தைத் தள்ளினாய். தள்ளத் தள்ளப் பை உப்பி இன்னும் வலித்தது. அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தாய். உன் மோதிரம் கழன்று கழன்று விழுந்ததை நானும்தான் பார்த்தேன்.

மாவுக்கட்டு பிரித்த அன்று, இனி நானே கழுவிக்கொள்கிறேன் என்றாய். நான்தான் விடவில்லை. அது இனி என் டியூட்டி, நீ கையை வருத்தாதே என்று தடுத்தேன். நீ சந்தோஷப்பட்டாய். அப்போது விட்டுக்கொடுத்திருந்தால்கூட இது பாதியோடு போயிருக்கும்.

ஒரு நாள் டியூப் நுனியில் ரத்தம் பார்த்தேன். உன்னிடம் கேட்டேனா? இல்லை. கிருமி புகுந்துவிட்டது என்று நானாக முடிவு செய்து, அன்றிலிருந்து மூன்று மணி நேரம் ஊறப்போட்டேன். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இன்னொரு நாள் காலையில் நீ வலியில் கொஞ்சம் சத்தமாகவே முனகிவிட்டாய். எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. "இருபத்திரண்டு வருஷமா போடுற டியூப்தானே, இப்ப என்ன புதுசா கத்துறே?" என்று கேட்டேன். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாய். சாயங்காலம் எனக்குப் பிடித்த குழம்பு வைத்திருந்தாய். நீ சண்டை போட்டிருக்கலாம். எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலம்மா என்னை மட்டும் ஏன் விட்டாய்?

விடவில்லை, ஒரு தடவை கேட்டாய். டியூப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது ஏன் ஒரு மாதிரி நீலமா இருக்கு? இதுல ஏதாவது ஊத்துறீங்களா?" என்றாய். அந்த வாரம்தான் நான் பாத்ரூம் பல்பை மாற்றியிருந்தேன். புது பல்பு வெளிச்சம் அப்படித்தான், எல்லாமே நீலமாகத் தெரியும் என்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறவளிடம் பல்பைக் காட்டிப் பொய் சொன்னேன். நீ நம்பினாய். நான் சொன்னால் நம்புவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் மேலே டாக்டர் அறையில் நடந்தது. கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, துளை வாயிலும் உள்ளேயும் புண்ணாக இருக்கிறது என்றார். டியூப்பைச் சுத்தம் செய்வதில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "இவர்தான் டாக்டர் கழுவுறார். பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி" என்றாய். டாக்டர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் "சோப்பும் தண்ணியும்தான் டாக்டர், எப்பவும் போல" என்றேன். அப்படியானால் பை வயசானதுதான் காரணம் என்று அவர் எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை உன் கண்முன்னால் செய்தேன்.

அப்போது எனக்குத் தெரியுமா என்று நீ கேட்பாய். நிச்சயமாகத் தெரியாது. ஆனால் சந்தேகம் இருந்தது. சுத்தம் செய்ததால் யாருக்கு என்ன கெடுதல் வரும் என்று அதன் வாயை அடைத்துவைத்தேன். சொன்னால் அந்த வேலையை என் கையிலிருந்து நீ வாங்கிவிடுவாய், கதவு மறுபடி சாத்திக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. உன் வலியைவிட அந்தப் பயம் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். போன வாரம் போனில் நீ, அங்கே போனதிலிருந்து எரிச்சல் குறைந்திருக்கிறது, குத்தல்தான் அப்படியே இருக்கிறது என்றாய். அக்கா வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று சிரித்தாய். போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே நீல மருந்து கிடையாது, கழுவுவது நீ. டியூப் மட்டும் பழசு.

நேற்றுக் காலை நீ சொல்லிவைத்த புது டியூப்கள் தபாலில் வந்தன. ஒன்றைப் பாக்கெட்டோடு வளைத்துப் பார்த்தேன், விரல் போகிற பக்கம் வளைந்தது. நீ விட்டுப்போன பழைய டியூப்பை எடுத்து வளைத்தேன். ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நின்றது. நுனியில் இருக்கும் துளைகளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினேன். முப்பது வருஷமாகக் கத்தி முனை பார்க்கிற விரல், அதனிடம் பொய் சொல்ல முடியாது. ஓரமெல்லாம் சொரசொரப்பாகப் பிசிறு. அப்புறம் அதை நீல மருந்தில் முக்கி, நான் உனக்கு அலசித் தந்த மாதிரியே அலசி, என் வாயில் கன்னத்துக்கு உள்பக்கம் வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். இன்று அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. தண்ணீர் பட்டால் எரிகிறது. எனக்கு ஒரு நாள், ஒரு இடம். உனக்கு நாளுக்கு நாலு தடவை, நாலு மாசம்.

உடனே நம் டியூப் சிஸ்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உனக்கு முதன்முதலில் டியூப் போடக் கற்றுக்கொடுத்தவர், அதட்டாமல் இருப்பாரா? "உங்க சீப்பு தொடுறது தோலய்யா. இது குடல். இதுல போயி அதை ஊத்துவீங்களா? சோப்பு போதும்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லலையா?" என்று சத்தம் போட்டார். வாங்கிக்கொண்டேன். பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்ததும் சொல்லிவிடுகிறேன், மறுபடி கேமரா விட்டுப் பார்ப்பார், மெத்தென்ற புது டியூப் ஒன்றைச் சில நாள் உள்ளேயே வைத்துப் பைக்கு ஓய்வு கொடுத்தால் புண் ஆறக்கூடும் என்றார். ஆறும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வால்வு நிஜமாகவே தளர்ந்திருந்தால் ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும் என்றும் சொன்னார். கடைசியாக, "டாக்டர்கிட்ட சொல்றது என் வேலை. வீட்டம்மாகிட்ட சொல்றது உங்க வேலை. அதையும் என் தலைல கட்டாதீங்க" என்று வைத்துவிட்டார்.

வெளிப்பை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் ஓடியாடி வேலை செய்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை என்று நீதான் மற்றவர்களுக்குத் தைரியம் சொல்வாய். உன் உடம்புக்கு அதுதான் வேண்டும் என்றால் வரட்டும். ஆனால் நான் டாக்டரிடம் சொன்ன பொய்யை நம்பி அவர் உன் வயிற்றில் கத்தி வைக்கக் கூடாது. மறுபடி பார்த்துவிட்டு அவர் என்ன சொல்கிறாரோ, அதைக் கேட்டு நீ முடிவு செய். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

இந்தக் கடிதத்தை உங்கள் ஊருக்குப் போகிற பார்சல் வேன் டிரைவரிடம் கொடுக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பி, நாளைக் காலை எட்டு மணிக்கெல்லாம் அக்கா வீட்டு வாசலில் நிற்பார். கூடவே புது டியூப் பாக்கெட்டுகளும் வருகின்றன. எதையும் நான் பிரிக்கவில்லை. இனி உன் டியூப்பை நான் தொட மாட்டேன். அக்காவிடம் விட்டுவந்த உன்னை அழைத்துப்போக வா என்று நீ சொன்னால் வருவேன். சொல்லவில்லை என்றால் வர மாட்டேன், கடையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கோபம் வந்தால் திட்டி எழுது, ஸ்பீக்கரில் போட்டே திட்டு, சகலையும் கேட்கட்டும். அன்றைக்கு மாதிரி பேசாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு மட்டும் போய்விடாதே.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு டாக்டர் உன்னைக் கேட்பார், அக்கா கேட்பாள். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். என் மானம் போகக் கூடாது என்று, நான்தான் அவரை மருந்தில் ஊறப்போடச் சொன்னேன் என்று பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொள்வாய். அப்படிச் செய்யாதே. என் வீட்டுக்காரர் செய்தார், கேட்டபோது இல்லை என்றார் என்று இருந்தது இருந்தபடி சொல். நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்காக நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், என் கண்ணே.

இப்படிக்கு,
உன்னை நோகவிட்டவன்,
உன் வீட்டுக்காரன்